ஞாபகசக்தி மாத்திரையும் ஒரு பாக்கெட் உப்பும்

மூளையை முடுக்கிவிடணும்னு இன்னிக்குக் காலையில இருந்து என்னென்ன உள்ளே தள்ளியிருக்கீங்க? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. எழுந்ததும் ஒரு காபி. ஆபீஸுக்கு வந்ததும் ஒரு டீ. பதினோரு மணிக்கு இன்னொண்ணு (இது டீக்காக இல்ல, சீட்டை விட்டு எந்திரிக்கிறதுக்காக). சிலருக்கு ஒரு தம். சிலருக்கு ராத்திரி ஊறவச்ச பாதாம் நாலு. யாராவது ஒருத்தர் வல்லாரை மாத்திரை. இதுல எதெல்லாம் மூளையைக் கூராக்குற சரக்கு, எதெல்லாம் வெறும் பழக்கம், எதெல்லாம் வெறும் சாப்பாடு?

வெட்டிக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா எங்க அக்கா வீட்டுல இந்தக் கேள்விக்கு மாசம் நானூத்திச் சொச்சம் ரூபா போய்க்கிட்டு இருக்கு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க :)

முதல்ல ஊர்க்கதை. எனக்குச் சொந்த ஊர் பொட்டிபுரம். தேனி மாவட்டம், போடிக்குப் பக்கம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம்னு பேப்பர்ல அடிபட்டதே, அதே பொட்டிபுரம்தான். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, ஊரு எதிர்த்தது, 2022ல தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல வேண்டாம்னு சொன்னது எல்லாம் தனிக்கதை. நியூட்ரினோ எதுலயும் ஒட்டாம மலையையே ஊடுருவிப் போயிடும்னு அந்தச் சமயத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். எட்டாங்கிளாஸ்ல வாத்தியார் நடத்தின பாடமும் என் மண்டைக்குள்ள அப்படித்தான் போச்சு. அதனால ஞாபகசக்தி விஷயத்துல எனக்குச் சின்ன வயசுலேயே ஆர்வம் உண்டு.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது போடியில. இருபது வருஷமா மலைக்குப் போறா. எங்க பக்கம் மலைக்குப் போறதுன்னா ஏலத்தோட்ட வேலைக்குப் போறதுன்னு அர்த்தம். விடியக்காலை மூணரைக்கு எந்திரிச்சு, சோறாக்கி, தூக்குவாளியில போட்டுக்கிட்டு ஜீப்புக்கு ஓடணும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினா கேரளா. பூப்பாறைப் பக்கம் தோட்டம். திரும்பி வீட்டுக்கு வரும்போது விளக்கு வச்சிருப்பாங்க.

அக்கா மக ப்ளஸ் டூ. பயாலஜி குரூப். கூட வேலை பாக்குறவங்க யாரோ சொன்னாங்கன்னு அக்கா அவளுக்கு ஒரு ஞாபகசக்தி மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருக்கா. டப்பா மேல ஒரு மூளைப் படம், அதுக்குள்ள ஒரு மின்னல். அறுபது மாத்திரை, அக்காவோட ஏறக்குறைய ஒரு நாள் கூலி. "நீதான் படிச்சவனாச்சே தம்பி, இது நல்லதான்னு பாத்துச் சொல்லு"ன்னு என்கிட்ட டப்பாவைக் குடுத்தா. டப்பாவுல பார்க்க ஒண்ணும் இல்ல. "மூளையைக் கூராக்கும்"ங்கிறதுக்கே என்ன அர்த்தம்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

இந்த மாதிரி சரக்குக்குப் பேர் வச்சவர் கொர்னேலியு ஜுர்ஜியான்னு ஒரு ருமேனியாக்காரர். பெல்ஜியத்துல யூசிபிங்கிற மருந்துக் கம்பெனியில 1964ல பிராசிட்டம்னு ஒரு மருந்தை உருவாக்கினாங்க. அதை எந்தக் குடுவையில போடுறதுன்னு தெரியல. தூக்க மருந்தும் இல்ல, ஊக்க மருந்தும் இல்ல. அதனால 1972ல 'நூட்ரோபிக்'னு ஒரு புதுப்பேரையே வச்சுட்டார். கூடவே சில நிபந்தனைகளும் போட்டார். படிப்பையும் நினைவையும் மேம்படுத்தணும். மூளையைக் கெடுதல்ல இருந்து காக்கணும். மத்த மனநல மருந்துகள் மாதிரி தூங்க வைக்கவும் கூடாது, துள்ள வைக்கவும் கூடாது. பக்கவிளைவு ரொம்பக் கம்மியா இருக்கணும்.

மாப்பிள்ளை பார்க்கிறவங்க லிஸ்ட் மாதிரி இருக்குல்ல? இந்த லிஸ்ட்டுக்குப் பொருந்துற மாப்பிள்ளை இன்னும் கிடைக்கல. பிராசிட்டமே ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குப் பெருசா உதவும்னு உறுதியான ஆதாரம் வரல. காபியோ முதல் சுற்றுலேயே அவுட், ஏன்னா அது துள்ள வைக்கும். ஆனா உலகத்துல மூளைக்காக அதிகம் பேர் குடிக்கிறது காபியும் டீயும்தான்.

காபி எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா சுவாரசியமா இருக்கு. நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேந்துக்கிட்டே வரும். அது போய் உக்காரதுக்குன்னு நரம்புச் செல்கள்ல இடம் இருக்கு. உக்காந்தா, "போதும்ப்பா, படு"ன்னு மூளைக்குச் சேதி போகும். கஃபீன் என்ன பண்ணுதுன்னா, பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அந்த சீட்டுல முன்னாடியே போய் உக்காந்துக்குது. சேதி போகாது. சோர்வு போகல, சோர்வைச் சொல்ல வந்தவனை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கோம். சுமார் அஞ்சு மணி நேரத்துல பாதி கஃபீன் உடம்பை விட்டுப் போயிடும். அப்புறம் நிக்கிற கும்பல் உள்ளே வரும்.

இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. தினமும் குடிக்கிறவனுக்குக் காலையில குடிக்கலைன்னா தலைவலி, மந்தம். முதல் காபி குடிச்சதும் தெளிவு வருது. அந்தத் தெளிவுல எவ்வளவு நிஜமான லாபம், எவ்வளவு நேத்தைய காபி வச்சுட்டுப் போன பள்ளத்தை மூடினது? ஆராய்ச்சிக்காரங்களே இதுல ரெண்டு கட்சியா நின்னு வாதாடியிருக்காங்க. இந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேண்டியிருக்கும்.

சரி, சட்டம் போடுறவங்க என்ன சொல்றாங்க? உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போட பட்டியல்ல இருந்து 2004ல கஃபீனை எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு அளவுக்கு மேல சிறுநீர்ல இருந்தா விளையாட்டு வீரருக்கு ஆப்பு. அதாவது 2003 டிசம்பர் 31ல குற்றமா இருந்த அதே காபி, மறுநாள் காலையில வெறும் காபி ஆயிடுச்சு. செஸ்ஸுக்கும் ஊக்கமருந்துச் சோதனை உண்டுங்க. 2008ல டிரெஸ்டன் ஒலிம்பியாட்ல உக்ரைன்காரர் இவான்சுக் கடைசி ஆட்டத்துல தோத்த கோபத்துல சோதனைக்கு நிக்காம வெளியேறி, பெரிய பஞ்சாயத்தே ஆச்சு.

செஸ்ஸை வச்சே ஜெர்மனிக்காரங்க ஒரு ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டாங்க. 39 ஆட்டக்காரங்க. மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், கஃபீன், வெறும் சர்க்கரை மாத்திரை மாதிரி ஒண்ணு. எதைச் சாப்பிட்டோம்னு அவங்களுக்கும் தெரியாது, குடுத்தவங்களுக்கும் தெரியாது. கம்ப்யூட்டரோட ஆடவிட்டாங்க. மருந்து சாப்பிட்டவங்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதிக நேரம் யோசிச்சாங்க. அதனால கடிகாரம் தீர்ந்து தோத்த ஆட்டமும் அதிகம். அந்த ஆட்டங்களைக் கழிச்சுப் பார்த்தப்பதான் முன்னேற்றம் தெரிஞ்சது. 2023ல வந்த இன்னொரு ஆய்வுல 40 பேருக்கு இதே வகை மாத்திரைகளைக் குடுத்து, ஒரு பைக்குள்ள எடை மீறாம அதிக மதிப்புள்ள பொருளை எப்படி அடுக்குறதுங்கிற மாதிரி கணக்கைப் போடச் சொன்னாங்க. உழைப்பு கூடுச்சு. உழைப்போட தரம் குறைஞ்சது. வேகமா பல விதமா அடுக்கிப் பார்த்தாங்க, ஆனா குருட்டாம்போக்குல.

(பரீட்சைக்குப் படிக்கிற பசங்க யாராவது இதைப் படிச்சா: மோடாஃபினில் தூக்க வியாதிக்கு டாக்டர் எழுதித்தர்ற மருந்து. மெத்தில்ஃபெனிடேட் கவனக்குறைபாடு உள்ளவங்களுக்கானது. உங்க சீனியர் பையில இருக்குங்கிறதால அது விட்டமின் ஆயிடாது.)

அடுத்து நம்ம கைவைத்தியம். வல்லாரை. வரப்போரம், ஓடையோரம் படர்ந்து கிடக்கும். துவையல் அரைச்சா எனக்குப் பிடிக்கும். ஆனா 'பிரம்மி'ன்னு டப்பாவுல எழுதியிருக்கிறதெல்லாம் வல்லாரை இல்ல. வடக்கே பல இடத்துல வல்லாரையைப் பிரம்மின்னு சொல்றாங்க. கேரளாவுல பிரம்மின்னா அது நீர்ப்பிரம்மி, வேற குடும்பம், வேற செடி. ஒரே பேர்ல ரெண்டு செடி. ஒண்ணைப் பத்தின ஆராய்ச்சியை இன்னொண்ணு தலையில கட்டி விக்கிறதுக்கு வசதி. நீர்ப்பிரம்மிக்குக் கொஞ்சம் நல்ல ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவுல 40லிருந்து 65 வயசு வரைக்கும் உள்ள 76 பேரை வச்சு 2002ல வெளியான ஆய்வுல, மூணு மாசம் சாப்பிட்டவங்களுக்குப் புதுசாப் படிச்சதை மறக்குறது குறைஞ்சது. ஆனா படிக்கிற வேகம் கூடல. மூணு மாசம்ங்கிறதைக் கவனிங்க. பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்கினா கடைக்காரருக்குத்தான் லாபம்.

நம்ம ஏலக்காயையும் விட்டு வைக்கல. அதுல சினியோல்னு ஒரு வாசனைப் பொருள் நிறைய இருக்கு. ரோஸ்மேரி செடியிலயும் அதேதான். 2012ல இங்கிலாந்துல 20 பேரை ரோஸ்மேரி வாசனை உள்ள அறையில உக்கார வச்சு, ரத்தத்துல சினியோல் ஏற ஏறக் கணக்குப் போடுற திறமையும் கூடுனதா எழுதினாங்க. இதை நம்புனா, நாள் முழுக்க ஏலக்காய் வாசத்துலயே தரம் பிரிக்கிற போடி மெயின் ரோட்டுக்காரங்க அத்தனை பேரும் இந்நேரம் ராமானுஜன் ஆகியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சு சீட்டுக் கணக்குல மட்டும்தான் கில்லாடிங்க :)

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை அக்காகிட்ட கதையாச் சொல்லிக்கிட்டிருந்தேன். சொல்லிட்டு, "மகளுக்கு மட்டும் வாங்குறியே, நீ ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா என்ன?"ன்னு சும்மா கிண்டலுக்குக் கேட்டேன்.

"எனக்கு எதுக்குடா மூளை? நான் என்ன பரீட்சையா எழுதப்போறேன்? காயைத்தானே எடுக்கிறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல.

ஏலக்காய் எடுக்கிறதை நேர்ல பார்த்திருக்கீங்களா? காய் மரத்துல தொங்காது. செடியோட அடியில, தரையோட தரையா நீட்டிக்கிட்டு வர்ற சரத்துல இருக்கும். ஒரே சரத்துல பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைஞ்ச காயும் இருக்கும். குனிஞ்சு உக்காந்து, அரையிருட்டு நிழல்ல, விளைஞ்சதை மட்டும் கிள்ளணும். பிஞ்சை எடுத்தா காய வச்சதும் சுருங்கி எடை போயிடும். பழுக்க விட்டா வெடிச்சுடும், விலை போகாது. பச்சைக்கும் விளைஞ்ச பச்சைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குக் காட்டினாலும் தெரியாது. அக்கா ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த முடிவை எடுக்கிறா. கால்ல அட்டை, மேல மழை. போடி ஏலத்துல கிலோவுக்கு என்ன விலைங்கிறதுல பாதி, அந்த விரலுக்குப் பின்னாடி இருக்கிற கவனத்தோட விலை. நான் ஏசி ரூம்ல ஒரு எக்செல் ஷீட்டைப் பார்த்துட்டு, "தலை சூடாயிடுச்சு, ஒரு காபி போடலாம்"ங்கிறேன். என் காபி மூளைக்கு. அவ டீ வெறும் பழக்கம். இதை யார் முடிவு பண்ணினது?

அம்மாவும் மலைக்குப் போனவதான். அந்தக் காலத்து மனுஷி. அம்மாவோட சரக்கு வெத்தலை, பாக்கு, போயிலை. "வாயில அடக்கினாத்தான்டா கண்ணு தெறக்கும்"னு சொல்லும். அது பொய்யில்ல. போயிலையில உள்ள நிக்கோட்டின் கவனத்தையும் உடனடி நினைவையும் கொஞ்சம் கூட்டுதுன்னு 41 ஆய்வுகளைத் தொகுத்து 2010ல எழுதியிருக்காங்க. பாக்குல உள்ள அரிக்கோலினை ஆல்சைமர் நோயாளிகளுக்கு ஊசி வழியா ஏத்திப் பார்த்து 1981ல ஒரு ஆய்வே வந்திருக்கு. ஆக, ஆய்வகத்துக் கணக்குப்படி பார்த்தா எங்க அம்மா வாழ்நாள் பூரா மூளையைக் கூராக்குற ரெண்டு சரக்கை ஒண்ணாச் சேர்த்து மென்னிருக்கு. ஆனா அதை யாரும் அப்படிச் சொன்னதில்ல. 'கெட்ட பழக்கம்'னுதான் சொன்னாங்க.

கெட்ட பழக்கம்தான், அதுல சந்தேகமே வேண்டாம். பாக்கு தனியாவே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ல வெளியிட்ட அறிக்கையில முதல் வகையில வச்சிருக்கு. போயிலையும் அதே வகைதான். இப்ப அம்மாவுக்கு வாயை முழுசாத் திறக்க முடியாது. ரெண்டு விரல் நுழையற அளவுக்குத்தான் திறக்கும். காரம் பட்டா எரிச்சல். சோத்தைக் குழைச்சுத்தான் சாப்பிடுது. புற்றா மாறலைங்கிறதே பெரிய நிம்மதி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டிக்கிட்டு இருக்கோம்.

அப்பத்தான் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுச்சு. எங்க ஊர் பாஷையில சொல்றேன். காபி, டீ கைமாத்து. காலையில வாங்கி ராத்திரி தூக்கத்துல திருப்பிக் கொடுக்கணும். கொடுத்துட்டா ஒண்ணும் மோசமில்ல. போயிலையும் பாக்கும் கந்துவட்டி. வாங்கும்போது கை நிறையத் தெரியும், கடைசியில வீட்டை எழுதி வாங்கிட்டுப் போயிடுவான். பிரம்மி மாதிரி சரக்கெல்லாம் ஏலச்சீட்டு. பொறுமையா மாசாமாசம் கட்டினா கடைசியில கொஞ்சம் வரலாம், நடத்துறவர் நல்லவரா இருந்தா. இதுல எதுவுமே முதல் இல்ல. அப்ப முதல்னு ஒண்ணு உண்டா?

உண்டு. அது சமையக்கட்டுல, உப்பு ஜாடியில இருக்கு.

அயோடின் இல்லைன்னா தைராய்டு சுரப்பி வேலை செய்யாது. தாய்க்கு அது பத்தலைன்னா வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சியிலயே கை வச்சிடும். பற்றாக்குறை உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டு 1994ல வந்த தொகுப்பாய்வுல, ரெண்டுக்கும் நடுவுல சராசரி அறிவுத்திறன் அளவுல 13.5 புள்ளி வித்தியாசம்னு கணக்குச் சொன்னாங்க. இந்தியாவுல இமாசலத்தோட காங்ரா பள்ளத்தாக்குல 1956ல இருந்து டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் உப்புல அயோடின் கலந்து கொடுத்துக் கழலை குறையுறதை நிரூபிச்சாங்க. 2006ல இருந்து அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்குன்னு விக்கவே கூடாதுன்னு சட்டம். ஆனாலும் 2018-19ல நாடு முழுக்க எடுத்த அயோடின் சர்வேயில, போதுமான அயோடின் உள்ள உப்பு வாங்குற வீடுகள் தமிழ்நாட்டுல 61.9 சதவீதம்தான். மாநிலங்கள்லயே கடைசி. தூத்துக்குடியை வச்சுக்கிட்டு இந்தக் கூத்து. பக்கத்துலயே உப்பு விளையுறதால அயோடின் கலக்காத கல்லுப்பு சல்லிசா மூட்டையில வந்து இறங்கிடுது.

அயோடினுக்கு அடுத்தது இரும்பு. இதைப் படிக்கும்போதுதான் நிமிர்ந்து உக்காந்தேன். மேற்கு வங்கத்துல, டார்ஜிலிங் மலையடிவாரத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற 212 பெண்களை வச்சு ஒரு ஆராய்ச்சி. பாதிப்பேருக்கு அயோடின் உப்பு. மீதிப்பேருக்கு அயோடினோட இரும்பும் சேர்த்த உப்பு. சில மாசம் கழிச்சுப் பார்த்தா இரும்பு உப்பு சாப்பிட்டவங்க ரத்தத்துல இரும்பு தேறியிருந்தது. இது 2014ல வெளிவந்தது. அதே பெண்கள்ல ஒரு பகுதியினருக்குக் கவனம், பார்த்ததைப் பிரிச்சு அறியறது, நினைவுன்னு சோதனை வச்சு 2017ல எழுதினாங்க. மூணுலயும் முன்னேற்றம். மலையில, நிழல்ல, எந்த இலையைக் கிள்ளலாம் எதை விடலாம்னு நாள் முழுக்க முடிவு பண்ற பெண்கள். எங்க அக்கா மாதிரியே.

அவங்களுக்கு யாரும் மூளைப் படம் போட்ட டப்பா குடுக்கல. குழம்புல போடுற உப்பைத்தான் மாத்தினாங்க.

"அது சத்துக்குறைவை ஈடுகட்டுறதுப்பா, அதை எப்படிக் கூராக்குற சரக்குன்னு சொல்லலாம்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். குறையைச் சரி பண்றது வைத்தியம், சரியா இருக்கிறதை மேல கூட்டுறதுதான் மேம்பாடுன்னு புத்தகத்துல பிரிக்கிறாங்க. ஆனா முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அந்தக் காபி. தினமும் குடிக்கிறவனுக்கு அது தானே தோண்டின பள்ளத்தை மூடினாலும் 'மூளைக்கு நல்லது' பட்டியல்ல இருக்கு. வேற யாரோ தோண்டின பள்ளத்தை மூடுற இரும்பு அந்தப் பட்டியல்ல இல்லையா? பள்ளத்துல நிக்கிறவ நாட்டுல விதிவிலக்கா இருந்தாலாவது பரவால்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. பாதிப்பேர் பள்ளத்துல நிக்கிற ஊர்ல, மேட்டுல நிக்கிறவன் இன்னும் ஒரு அங்குலம் எக்கறதுக்கு மட்டும்தான் 'மேம்பாடு'ன்னு பேர் வைப்போம்னா, அந்தப் பேரை வச்சவன் மேட்டுல நிக்கிறான்னு அர்த்தம்.

இன்னொரு கொடுமை இருக்கு. தோட்டத்துல மத்தியானச் சோத்துக்குப் பிறகு எல்லாரும் கட்டஞ்சாயா குடிப்பாங்க. பால் இல்லாத கடுந்தேயிலை. தேயிலையில இருக்கிற துவர்ப்புப் பொருள், சாப்பாட்டுல உள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பு இழுத்துக்க விடாது. முருங்கைக்கீரையும் கேப்பையும் தின்னுட்டு மேல டீயை ஊத்தினா, முதல்ல இருந்து எடுத்துக் கைமாத்துக்கு வட்டி கட்டுன மாதிரிதான். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சா இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்ல. இதைச் சொன்னதுக்கு அக்கா கேட்டா, "ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிக்க யாருடா விடுவாங்க? சோத்து நேரத்துலதானே உக்கார விடுறாங்க?" என்கிட்ட பதில் இல்ல.

இப்ப மருமக விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூல்ல வாரம் ஒரு இரும்பு மாத்திரை கொடுக்கிறாங்க, நீல நிறத்துல. பல வருஷமா நடக்கிற அரசாங்கத் திட்டம். அதைச் சாப்பிடுறியான்னு கேட்டேன். "ஐயே மாமா, கொமட்டிக்கிட்டு வரும். எல்லாரும் ஜன்னல் வழியா எறிஞ்சுடுவோம்"னா. ஜன்னலுக்கு வெளிய விழுந்தது ஓசி மாத்திரை. வீட்டுல வாய்க்குள்ள போறது நானூத்திச் சொச்சம் ரூபா மாத்திரை. அமெரிக்காவுல இரும்பு குறைவா இருந்த இளம்பெண்களுக்கு 16 வாரம் இரும்பு கொடுத்து, கவனமும் நினைவும் தேறினதை 2007ல வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னேன். சோறு சாப்பிட்ட பிறகு போட்டா குமட்டல் குறையும்னும் சொன்னேன். நம்பினாளான்னு தெரியல. ஆனா பயாலஜி குரூப்ல, ஹீமோகுளோபின் பாடம் தெரியும். "அப்ப அம்மாவுக்கு?"ன்னு அவளே கேட்டா பாருங்க, அங்கதான் பொண்ணு ஜெயிச்சா.

அவதான் அம்மாவை ஒரு நாள் வேலைக்கு லீவு போட வச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனா. ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. 8.6. இருக்க வேண்டியது 12. இத்தனை வருஷம் அந்த ரத்தத்தோட மலையேறி, விளைஞ்ச காயையும் பிஞ்சையும் கண்ணாலயே பிரிச்சுக்கிட்டு இருந்திருக்கா. மாலையானா தலை கிறுகிறுங்குது, யார் பேசுறதும் காதுல ஏறலைன்னு சொல்லும்போதெல்லாம் "வயசாகுதுல்ல"ன்னு அவளே பதிலும் சொல்லிக்குவா. வயசு நாப்பத்தொண்ணு.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. ரெண்டு மாசமாச் சாப்பிடுறா. அதிசயம் ஒண்ணும் நடந்துடல, மூணரைக்கு எந்திரிக்கிறதும் மாறல. தூக்கத்துக்கு எந்தக் கடையிலயும் மாத்திரை கிடையாது. மகளுக்கு டப்பா வாங்குறதையும் அவ நிறுத்தல. "இருந்துட்டுப் போகட்டும்டா, எதுவோ ஒண்ணு குடுத்தோம்னு எனக்கு ஒரு திருப்தி"ங்கிறா. நானும் விட்டுட்டேன். ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தாயும் மகளும் ஆளுக்கொரு இரும்பு மாத்திரையை எடுத்துக்கிட்டு, யாரு முதல்ல முழுங்குறதுன்னு போட்டி போடுறாங்களாம்.

நீங்க ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டு உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, அயோடின்னு போட்டிருக்கான்னு. அப்படியே ஊர்ல உங்க அம்மா, அக்கா, வீட்டு வேலைக்கு வர்ற அம்மா, இவங்கள்ல யாராவது கடைசியா எப்ப ஹீமோகுளோபின் பார்த்தாங்கன்னு கேளுங்க. பதில் வந்ததும் இங்க வந்து சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. இரும்பு குறைவா இருக்கிறவங்களுக்குத்தான் இரும்பு. போதுமான அளவு இருக்கிறவங்க கூடுதலா முழுங்கினா மூளை வளராது, கெடுதல்தான். ரத்தம் பார்க்காம யாரும் மாத்திரையில இறங்காதீங்க. காபியை விடச் சொல்லி நான் எங்கயும் சொல்லல, தயவுசெஞ்சு கும்பகோணத்துக்காரங்க ஆட்டோ அனுப்ப வேண்டாம் :)